பால்டிக் சுதந்திர தினம், சிறைப்பட்ட நாடுகள் வாரம்: இப்படிப்பட்ட சட்டங்களால் என்ன பயன்?

கேள்வி: கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவில் எங்கள் தெருவில், இரண்டு வீடு தள்ளி, எண்பது வயதைத் தாண்டிய லாட்வியப் பெண்மணி ஒருவர் தனியாக வசிக்கிறார். பனிக்காலத்தில் அவர் வாசலில் பனியை அள்ளி ஒதுக்குவது என் வழக்கம்; பதிலுக்குச் சீரகம் தூவிய கறுப்பு ரொட்டி வரும். கடந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் அவர் வீட்டு முகப்பில் அவர்களுடைய கொடி, கருஞ்சிவப்பின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை ஓடுவது, தொங்கிக்கொண்டிருந்தது. கம்பின் நுனியில் கறுப்பு ரிப்பன் ஒன்று கட்டப்பட்டிருந்தது. உறவில் யாரோ இறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணித் துக்கம் விசாரிக்கப் போனேன். துக்கம்தான், ஆனால் 1941ஆம் ஆண்டுத் துக்கம் என்று சொல்லி என்னை உட்காரவைத்தார்.

ஜூன் 14 என்பது பால்டிக் நாடுகளிலிருந்து சோவியத் அரசு மக்களைக் கூட்டம் கூட்டமாகச் சைபீரியாவுக்கு ஏற்றி அனுப்பிய நாள் என்பதும், அந்த நாளை 'பால்டிக் சுதந்திர தினம்' என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1980களில் சட்டம் இயற்றியே அறிவித்தது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தபோது, அதற்கும் முன்னதாக 1959இல் 'சிறைப்பட்ட நாடுகள் வாரம்' என்று இன்னொரு சட்டம் இருப்பதைக் கண்டேன். ஒன்று நாள், மற்றொன்று வாரம். ஒன்று மூன்று நாடுகளுக்கு, மற்றொன்று இருபதுக்கும் மேற்பட்டவற்றுக்கு.

எனக்கு விளங்காதது இதுதான். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் வேறொரு நாட்டின் விடுதலைக்கென்று ஒரு நாளைக் குறித்துச் சட்டம் போடுவதால், ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் இருப்பவருக்கு உண்மையில் ஏதேனும் மாறியதா, அல்லது புலம்பெயர்ந்தோரின் வாக்குகளுக்காகச் செய்யப்பட்ட கண்துடைப்பு மட்டும்தானா? அந்த அம்மையாரிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன். சட்டமும் வரலாறும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: பழைய கோர்ட்டுக்காரன்

கொள்ளிடக்கரை ஐயா அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உரிமையியல் வழக்குகளில், அதிலும் பெரும்பாலும் நில வழக்குகளில், காலம் கழித்தவன் நான். அந்தப் பழக்கத்திலேயே இதையும் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தின் உருவத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் இத்தகைய நாள்கள் 'கூட்டுத் தீர்மானம்' என்ற வடிவில் வரும். பெயர் தீர்மானம் என்றாலும், பிரதிநிதிகள் சபையும் செனட்டும் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டுவிட்டால் அது முழுமையான சட்டமே. ஆனால் அதனுள்ளே தண்டனையும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை, விடுமுறையும் இல்லை. இன்ன நாளை இன்ன தினமாகப் பிரகடனம் செய்யுமாறு குடியரசுத் தலைவருக்கு அதிகாரமளித்து அவரைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த அளவில் பார்த்தால் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்பவர்களைக் குறைகூற முடியாது.

இனி பால்டிக் விவகாரத்துக்கு வருவோம். 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவு கிழக்கு ஐரோப்பாவை இருவருக்கும் பங்கு பிரித்தது. 1940 ஜூன் மாதத்தில் செம்படை லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா ஆகிய மூன்றினுள்ளும் நுழைந்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் மூன்றும் அடுத்தடுத்துச் சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டன. இணைப்புச் சடங்கு முடிவதற்கு முன்பே, ஜூலை 23 அன்று, அமெரிக்க வெளியுறவுத் துறையின் பொறுப்பிலிருந்த சம்னர் வெல்ஸ் ஓர் அறிக்கை வெளியிட்டு, பலத்தால் நடந்த இந்த இணைப்பை அமெரிக்கா ஏற்காது என்று அறிவித்தார். அறிக்கையோடு நின்றிருந்தால் அதுவும் காகிதமாகவே போயிருக்கும். அதற்குச் சில நாள்கள் முன்னரே அமெரிக்காவிலிருந்த பால்டிக் நாடுகளின் சொத்துகள் மாஸ்கோவின் கைக்குப் போகாதபடி முடக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் அந்த நாடுகளின் தூதரக அலுவலகங்களும் மூடப்படவில்லை. நாடே இல்லாத நாட்டுக்குத் தூதர்! எஸ்டோனியாவின் எர்ன்ஸ்ட் யாக்சன் நியூயார்க் துணைத் தூதரகத்தில் பல பத்தாண்டுகள் அமர்ந்து, மாஸ்கோ ஒப்புக்கொள்ளாத ஒரு குடியரசின் பெயரில் கடவுச்சீட்டு வழங்கிக்கொண்டிருந்தார். லிதுவேனியத் தூதரகத்தின் பணம் 1980 வாக்கில் தீர்ந்துபோனபோது லாட்வியாவின் நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்து அதை நடத்தினார்கள். அமெரிக்க அரசு வெளியிட்ட வரைபடங்களில் பால்டிக் பகுதி சோவியத் எல்லைக்குள் வரையப்பட்டிருந்தாலும், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இந்த இணைப்பை அமெரிக்க அரசு அங்கீகரிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நிலத்தை ஒருவன் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு உழுதுகொண்டிருக்கிறான். ஆனால் பட்டா அவன் பெயருக்கு மாறவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் உரிமையாளருக்கு மிகப் பெரிய ஆபத்து, பிடித்துக்கொண்டவனின் பலத்தைவிட, காலம்தான். உரிமையாளர் ஆட்சேபம் எழுப்பாமல் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிட்டால், 'எதிரிடை அனுபவம்' என்று சொல்லி அனுபவித்தவனே உரிமை கோருவான். நாடுகளுக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது என்பதை நான் அறிவேன். ஆயினும் நடைமுறையில் நிகழ்வது அதுவே. ஐம்பது ஆண்டுகள் ஒருவரும் பேசாவிட்டால், 'எல்லோரும் ஏற்றுக்கொண்டாயிற்று' என்ற பேச்சு தானாக எழுந்துவிடும்.

அது வீண் அச்சமும் அல்ல. 1974இல் ஆஸ்திரேலியாவின் விட்லம் அரசு அந்த இணைப்பைச் சட்டபூர்வமானது என்று ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு இறுதியில் ஆட்சி மாறிய பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. 1975இல் ஹெல்சின்கியில் ஐரோப்பிய எல்லைகளை மதிப்பதாக முப்பத்தைந்து நாடுகள் கையெழுத்திட்டபோது, பால்டிக் நிலைப்பாடு மாறவில்லை என்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு தனியே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பதற்றத்தின் பின்னணியில்தான் 1982இல் ரீகன் முதன்முதலாக ஜூன் 14ஐப் பால்டிக் சுதந்திர தினமாகப் பிரகடனம் செய்தார். அந்தப் பிரகடனங்களைப் படித்துப் பாருங்கள். உணர்ச்சி வாசகங்கள் நிறைய உண்டு. ஆனால் இணைப்பை அமெரிக்கா ஒருபோதும் அங்கீகரித்ததில்லை என்ற கருத்தும் தவறாமல் வரும். என் கணக்கில் அதுதான் உயிர்நிலை. ஆண்டுதோறும் பதிவு செய்யப்பட்ட ஆட்சேபம் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நிரந்தரச் சட்டம் அல்ல. ஆண்டுதோறும் புதிதாக நிறைவேற்றப்பட வேண்டும். பிரதிநிதிகள் சபையின் 435 உறுப்பினர்களில் 218 பேர் இணைந்து முன்மொழிந்தால்தான் இத்தகைய நினைவுத் தின மசோதாவைக் குழு எடுத்துக்கொள்ளும் என்பது அக்காலத்து நடைமுறை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புலம்பெயர்ந்த பால்டிக் மக்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, வெல்ஸ் யார், 1940இல் என்ன நடந்தது என்று அயோவாவிலிருந்தோ டெக்சஸிலிருந்தோ வந்த உறுப்பினரின் உதவியாளருக்கு முதலிலிருந்து சொல்லிப் புரியவைத்துக் கையொப்பம் வாங்கியாக வேண்டும். சட்டம் நிறைவேறிய நாளைவிட அதற்கு முந்தைய மாதங்களில் நடந்த இந்த அலைச்சலே அதிகப் பயன் தந்தது என்பது என் எண்ணம். திவசம் கொடுப்பதால் போனவர் திரும்பி வருவதில்லை. ஆனால் வாரிசு யார் என்பது ஊருக்கு ஆண்டுக்கொரு முறை தெரிந்துவிடுகிறது.


மறுமொழி: எதிர்வாதி

பழைய கோர்ட்டுக்காரர் ஐயா பால்டிக் வழக்கை நன்றாக வாதாடியிருக்கிறார். ஆனால் கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட இரண்டு சட்டங்களில் எளிதானதை மட்டும் எடுத்துக்கொண்டு, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை ஓசைப்படாமல் ஒதுக்கிவிட்டார். ஆட்சேபத்தைப் பதிவு செய்ய மூல ஆவணம் ஒன்று வேண்டாமா? பால்டிக்குக்கு வெல்ஸ் அறிக்கை இருந்தது. சிறைப்பட்ட நாடுகள் வாரத்துக்கு அப்படி என்ன இருந்தது?

அந்தச் சட்டத்தில் 22 பெயர்கள் உள்ளன. போலந்து, ஹங்கேரி, லிதுவேனியா, உக்ரைன் என்று தொடங்கி, சீனப் பெருநிலம், திபெத், வட கொரியா, வட வியட்நாம் வரை செல்கிறது பட்டியல். தூதரகமும் கொடியும் எல்லையும் கொண்டிருந்த நாடுகளும், அவை எதுவுமில்லாத பகுதிகளும் ஒரே வாக்கியத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவே 'இடெல்-யூரல்', 'கோசாக்கியா' என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. இவற்றை உலகப் படத்தில் தேடி நான் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டிருக்கிறேன். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜார்ஜ் கென்னன், பட்டியலில் இரண்டு நாடுகள் உண்மையில் ஒருபோதும் இருந்ததே இல்லை, அவற்றில் ஒன்றின் பெயர் போர்க்காலத்தில் நாஜிப் பிரச்சார அமைச்சகம் உருவாக்கியது போலிருக்கிறது என்று கடிந்து எழுதினார். அவர் சொன்னதும் முழுச் சரியல்ல. இடெல்-யூரல் என்ற பெயரில் வோல்கா ஆற்றங்கரைத் தாத்தாரியர்கள் 1918இலேயே ஒரு தன்னாட்சி அரசை அமைக்க முயன்று தோற்றார்கள். ஆனால் யூகோஸ்லாவியா பட்டியலில் இல்லை. கம்யூனிச ஆட்சியின் கீழ் முதலில் அகப்பட்ட ரஷ்ய மக்களே இல்லை. இந்த விடுபடலைக் கண்டு பல ரஷ்ய அகதிகள் புண்பட்டார்கள். 'ஆக்கிரமிப்பாளர்' என்றால் யார், ஒரு கட்சியா, ஓர் இனமா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் தவறான விடையைத் தந்துவிட்டது என்பதே அவர்கள் மனக்குறை.

சட்டத்தை வரைந்ததில் முக்கியப் பங்காற்றியவர் உக்ரைனிய வம்சாவளியைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் லெவ் டோப்ரியான்ஸ்கி. ஐசனோவர் கையெழுத்திட்டது 1959 ஜூலை 17. அடுத்த வாரமே துணைக் குடியரசுத் தலைவர் நிக்சன் மாஸ்கோவில் போய் இறங்கினார். குருஷேவ் கொதித்துப்போயிருந்தார், இந்தத் தீர்மானம் குதிரைச் சாணத்தைப் போல் நாறுகிறது என்ற பொருளில் விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் இளமையில் பன்றி மேய்த்தவர் என்பதை நினைவில் வைத்திருந்த நிக்சன், அதைவிட மோசமாக நாறுவது பன்றிச் சாணம் என்று பதில் சொன்னார். இரண்டு வல்லரசுகளின் தலைமைப் பேச்சு தொழுவத்திலிருந்து தொடங்கியது என்பதைத் தவிர, அந்த வாரத்தில் சிறைப்பட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று ஆண்டுகள் பின்னோக்கிப் போங்கள். 1956இல் ஹங்கேரியர்கள் ஆயுதமேந்தி எழுந்தபோது உதவிக்கு ஒருவரும் வரவில்லை. எழுந்தபோது வராதவர்கள், அடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒரு வாரம் தந்தார்கள். அதே 1959இல் அல்ஜீரியாவில் பிரான்சு போர் நடத்திக்கொண்டிருந்தது. அங்கோலாவும் மொசாம்பிக்கும் நம் கோவாவும் போர்ச்சுகலின் பிடியில் இருந்தன. ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. பிரான்சும் போர்ச்சுகலும் நேட்டோ கூட்டாளிகள் அல்லவா! பிறருடைய சிறையை மட்டும் கணக்கெடுக்கும் சட்டத்துக்கு 'சிறைப்பட்ட நாடுகள்' என்று பொதுப்பெயர் சூட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது.

பால்டிக் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 மார்ச் 11 அன்று லிதுவேனியா தன் சுதந்திரத்தை மீட்டதாக அறிவித்தது. ஆண்டுதோறும் சுதந்திர தினம் கொண்டாடிய வாஷிங்டன் உடனே தூதரை அனுப்பியிருக்க வேண்டும் அல்லவா? கோர்பச்சேவுக்குச் சங்கடம் வருமே என்று தயங்கியது. 1991 ஜனவரி 13 அன்று வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தருகே டாங்கிகள் புகுந்து பதினான்கு பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகும் தயக்கம் நீங்கவில்லை. எந்த நினைவு தினமும் கொண்டாடாத ஐஸ்லாந்துதான் அந்தப் பிப்ரவரியிலேயே லிதுவேனியாவுக்குத் தன் அங்கீகாரம் செல்லும் என்று துணிந்து அறிவித்தது. அமெரிக்கா உறவைப் புதுப்பித்தது செப்டம்பர் 2 அன்று. மாஸ்கோவே ஒப்புக்கொண்டது அதற்கு நான்கு நாள் கழித்து. பட்டா மாறாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது மெய். ஆனால் நிலத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் சாட்சி சொல்ல முதலில் வந்தவர் வேறு ஆள்.


மறுமொழி: ரீகாவில் ஈராண்டு

இருவர் வாதத்தையும் படித்தேன். கப்பல் பொறியாளனாகிய நான் பணி நிமித்தமாக லாட்வியத் தலைநகர் ரீகாவில் இரண்டு ஆண்டுகள் குடும்பத்துடன் வசித்தவன். வாஷிங்டனில் போட்ட சட்டம் வாஷிங்டனில் என்ன செய்தது என்று இருவரும் பேசிவிட்டீர்கள். அது ரீகாவில் என்னவாக வந்து சேர்ந்தது என்பதை நான் கேட்டறிந்த அளவில் சொல்கிறேன்.

ஜூன் 14 அன்று ரீகா முழுவதும் கொடிகள் கறுப்பு ரிப்பனோடு தொங்கும். கொள்ளிடக்கரை ஐயா டொராண்டோவில் கண்டது அதன் நகல். அன்று டோர்ன்யாகல்ன்ஸ் என்ற சிறிய புறநகர் ரயில் நிலையத்துக்கு மக்கள் பூக்களோடு போவார்கள். அங்கே ஒரு பழைய சரக்குப் பெட்டியை நினைவுச் சின்னமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். மாடு ஏற்றும் அளவுதான் இருக்கும். மரப்பலகைச் சுவர், மேலே, குழந்தையைத் தூக்கிப் பிடித்தால் மட்டுமே முகம் எட்டும் உயரத்தில் சின்னஞ்சிறு சாளரம். 1941 ஜூன் 13 நள்ளிரவு கடந்து கதவைத் தட்டி, கைக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொள்ளச் சிறிது நேரம் கொடுத்து, இத்தகைய பெட்டிகளில் ஏற்றினார்கள். லாட்வியாவிலிருந்து மட்டும் 15,000க்கும் மேற்பட்டோர்; எஸ்டோனியாவிலிருந்து ஏறத்தாழ 10,000 பேர்; லிதுவேனியாவிலிருந்து அவற்றினும் கூடுதலாக. குடும்பத் தலைவர்களை நிலையத்திலேயே பிரித்து வேலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் சைபீரியக் கிராமங்களுக்குச் சென்றார்கள். காகிதம் கிடைக்காத இடங்களில் பூர்ச்ச மரப்பட்டையை உரித்து அதில் கடிதம் எழுதினார்கள். நான் அருங்காட்சியகத்தில் பார்த்தபோது எழுத்து இன்னும் படிக்கும்படி இருந்தது. நம் முன்னோரின் ஓலைச் சுவடிகள்தாம் நினைவுக்கு வந்தன.

நகரின் நடுவே 1935இல் திறக்கப்பட்ட சுதந்திர நினைவுத் தூண் இருக்கிறது. 42 மீட்டர் உயரம், உச்சியில் மூன்று நட்சத்திரங்களை ஏந்திய பெண். சோவியத் ஆட்சிக் காலத்தில் அதன் அடியில் பூ வைப்பது ஆபத்தான காரியம். வைத்தவரைப் பிடித்துப் போவார்கள். 1986இல் லியபாயா என்ற துறைமுக நகரத்தில் மூன்று தொழிலாளர்கள் 'ஹெல்சின்கி-86' என்ற மனித உரிமைக் குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் குழுவின் அழைப்பை ஏற்று 1987 ஜூன் 14 அன்று ஆயிரக்கணக்கானோர் அந்தத் தூணின் அடிக்குப் பூக்களோடு வந்தார்கள். அன்று கூட்டத்தில் இருந்த என் வீட்டு உரிமையாளர், தன் தாயார் வாழ்நாளில் முதன்முறையாக அந்தத் தேதியைத் தெருவில் உரக்கச் சொன்னது அன்றுதான் என்றார். அதுவரை அந்தத் தேதி சமையலறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசப்பட்டது. வெளிநாட்டு லாட்வியர்கள் ஆண்டுதோறும் அதே நாளில் கூடுகிறார்கள் என்பது இரைச்சலுக்கிடையே கேட்ட அயல்நாட்டு வானொலிகள் வழியாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தூணடிக்குப் போகத் துணிந்தது அவர்களுடைய சொந்தத் துணிவு. அதை எந்த நாடாளுமன்றமும் கொடுக்கவில்லை. ஆனால் கடலுக்கு இருபுறமும் ஒரே தேதி உயிரோடு இருந்தது.

ரகசியப் பிரிவு கொண்ட அந்த 1939 ஒப்பந்தத்தின் நாளாகிய ஆகஸ்ட் 23க்கும் இதே போன்றதொரு பயணம் உண்டு. 1986இல் கனடாவிலிருந்த அகதிகள் தொடங்கிய 'கறுப்பு ரிப்பன் தினம்' அது. 1987இல் மூன்று பால்டிக் தலைநகரங்களிலும் அதே நாளில் மக்கள் கூடினார்கள். 1989இல் தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலாக, ஏறத்தாழ இருபது லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். அந்த டிசம்பரில் ரகசிய ஒப்பந்தம் இருந்ததை மாஸ்கோவின் மக்கள் பேராயமே ஒப்புக்கொண்டு கண்டித்தது. அதுவரை அப்படியோர் ஆவணமே கிடையாது என்று சாதித்து வந்தார்கள்.

எதிர்வாதி ஐயா தொடாத ஒரு நெருடல் எனக்கு உண்டு. ஜூன் 14க்கு எட்டு நாள் கழித்து ஜெர்மானியப் படை சோவியத் எல்லையைக் கடந்தது. அடுத்து வந்த மாதங்களில் பால்டிக் யூதர்கள், உள்ளூர் ஆள்களின் ஒத்தாசையோடும், ஏறக்குறைய முற்றிலுமாகக் கொன்றொழிக்கப்பட்டார்கள். ஜூன் 14 ரயில்களில் ஏற்றப்பட்டவர்களிலும் யூதர்கள் கணிசமாக இருந்தார்கள். இரண்டு ஆக்கிரமிப்புகளையும் ஒரே நாளில், ஒரே ரிப்பனில் கட்டும்போது இந்தக் கணக்கு மங்கிவிடுகிறது என்று யூத வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. 'பால்டிக் சுதந்திர தினம்' என்ற பெயரில் சைபீரியா தெரிகிறது. ரீகாவுக்கு வெளியே ரும்புலா காட்டில் 1941இன் இறுதியில் இரண்டே நாள்களில் சுட்டுக் கொல்லப்பட்ட சுமார் 25,000 யூதர்கள் தெரிவதில்லை.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: கொள்ளிடக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. ரீகாவில் ஈராண்டு ஐயா எழுதியதைப் படித்தபின் அந்த அம்மையாரிடம் மரப்பட்டைக் கடிதம் பற்றிக் கேட்டேன். தன் பெரியம்மா எழுதியது ஒன்று உறவினர் வீட்டில் இருந்ததாகவும், அதில் இருந்தது மொத்தம் நான்கே வரி என்றும், அதில் ஒரு வரி பசுவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற விசாரிப்பு என்றும் சொன்னார்.

இன்னும் இரண்டு சிறு ஐயங்கள். பால்டிக் நாடுகள் விடுதலையடைந்த பின் அந்தத் தினம் என்னவாயிற்று? 1959ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறதா? அதோடு, ஆக்கிரமிப்பிலிருந்து மீண்ட நாடுகள் தாங்களே இப்படி நாள்களை அறிவிக்கும்போது அது எப்படிப் போகிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.


மறுமொழி: பழைய கோர்ட்டுக்காரன்

எதிர்வாதி ஐயாவின் இரண்டு அடிகள் எனக்கு விழுந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1959ஆம் ஆண்டுப் பட்டியலை நான் தொடாமல் விட்டது வழக்கறிஞர் புத்திதான். ஐஸ்லாந்து விஷயத்திலும் அவர் பக்கமே நியாயம். ஆனால் ஒரு குறிப்பு: ஐஸ்லாந்து லிதுவேனியாவைப் புதிதாக அங்கீகரிக்கவில்லை. 1922இல் கொடுத்த அங்கீகாரம் இன்னும் செல்லும் என்றுதான் அந்நாட்டு நாடாளுமன்றம் சொன்னது. எஸ்டோனியாவும் லாட்வியாவும் லிதுவேனியாவும் 1991இல் 'புதிய நாடுகள்' என்று பிறக்காமல், 1918இல் தோன்றிய குடியரசுகளின் தொடர்ச்சியாகவே எழுந்து நின்றது அங்கீகார மறுப்பு என்ற அந்தப் பழைய பட்டாவின் பலத்தில்தான். நியூயார்க்கில் காத்திருந்த யாக்சன், 1991இல் அதே குடியரசின் அமெரிக்கத் தூதராகவும் ஐ.நா. பிரதிநிதியாகவும் ஆனார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

இனி உங்கள் ஐயங்கள். ஆண்டுக்கொரு முறை நிறைவேற்றப்பட்ட பால்டிக் சுதந்திர தினம், காரணம் தீர்ந்ததால் தானாகவே நின்றது. அதுமட்டுமல்ல, 1980களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் பெரும் பங்கு இத்தகைய நாள், வாரம், மாதச் சட்டங்களாகவே இருந்ததால் சலிப்புற்ற பிரதிநிதிகள் சபை, 1995 ஜனவரியில் நினைவுத் தின மசோதாக்களை அறிமுகம் செய்வதையே தன் விதிகளில் தடை செய்துவிட்டது. அந்த 218 கையொப்ப வேட்டை இப்போது தேவையில்லை, வழியே இல்லை.

1959ஆம் ஆண்டுச் சட்டமோ வேறு வகையில் எழுதப்பட்டது. உலகின் சிறைப்பட்ட நாடுகள் அனைத்தும் விடுதலையும் சுதந்திரமும் அடையும் வரை ஆண்டுதோறும் இத்தகைய பிரகடனத்தை வெளியிடுமாறு அது குடியரசுத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறது. 'அனைத்தும் அடைந்துவிட்டன' என்று தீர்மானிக்க வேண்டியவர் யார் என்பது எழுதப்படவில்லை. சட்டம் வரைந்தவர்கள் வேண்டுமென்றே விட்டார்களா, மறந்து விட்டார்களா என்பது தெரியாது. நான் வரைந்திருந்தால் வேண்டுமென்றேதான் விட்டிருப்பேன். விளைவாக, பெர்லின் சுவர் இடிந்து, சோவியத் ஒன்றியமே மறைந்த பின்னரும் ஜூலை மூன்றாம் வாரத்தில் பிரகடனம் வருவது நிற்கவில்லை. எந்தக் கட்சிக் குடியரசுத் தலைவரும் நிறுத்தத் துணியவில்லை. கியூபா, பெலாரூஸ், வட கொரியா என்று அந்தந்தக் காலத்துக்கு ஏற்ற பெயர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மீண்ட நாடுகள் தாங்களே அறிவிப்பதைக் கேட்டீர்கள். இங்கே யார் அறிவிக்கிறார் என்பதே பாதி வழக்கு. செம்படை திபிலீசி நகருக்குள் நுழைந்த 1921 பிப்ரவரி 25ஐ ஜார்ஜிய நாடாளுமன்றம் 2010 ஜூலையில் சோவியத் ஆக்கிரமிப்பு தினமாக அறிவித்தது, அது நிலைத்தது. அதே கோடையில் மால்டோவாவின் இடைக்காலத் தலைவர் மிஹாய் கிம்பு, ஜூன் 28ஐ அதே பெயரில் தன் ஆணையால் அறிவித்தார். அதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. மூன்று வாரம் முடிவதற்குள், ஜூலை 12 அன்று, அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து வந்த நாளுக்கும், ஒருவர் கையெழுத்தில் வந்த நாளுக்கும் உள்ள ஆயுள் வேறுபாட்டை ஒரே மாதத்தில் அருகருகே பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பம் அது.

அந்த நான்கு வரிக் கடிதம் இப்போது எங்கே இருக்கிறது என்று அம்மையாரிடம் முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள். உறவினர் வீட்டுப் பெட்டியில் இருந்தால், ரீகா அருங்காட்சியகம் இத்தகையவற்றைப் பெற்றுப் பாதுகாக்கிறது என்ற செய்தியை அவருக்குத் தெரிவிக்கலாம்.